ஸ்டியரிங் வால்வு: தேய்ந்ததா, காயப்பட்டதா?

கேள்வி, 2024 ஜூன் 2

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து இழுக்கிற நாலு சில்லு ட்ரக்டர். காலையில் ஸ்டியரிங் பிடித்த இடத்தில் கல்லு மாதிரி நிற்கிறது. பத்து மணிக்கு மேல், மூன்றாவது நடை இறங்கும்போது, வளைவில் பிடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டியரிங் கையோடு மெல்ல நழுவிப் போகிறது. சில்லு திரும்புவதில்லை, இன்னும் இன்னும் சுற்ற வேண்டியிருக்கிறது. பம்ப் போன வருடம்தான் மாற்றியது. ஒயில் மட்டம் சரி. வெளியே எங்கும் கசிவு இல்லை. மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வால்வு தேய்ந்துவிட்டது, முழுசாக மாற்று என்கிறார். கழற்றிப் பார்த்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

ஜூன் 2, இரவு 9.40

கழற்றாதே. அதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஜூன் 2, இரவு 11.05

கரண்ட் போய் வந்தது, அதனால் நேரமாகிவிட்டது.

இந்த ஸ்டியரிங்கில் சில்லைத் திருப்புவது ஒயில்தான். சூடான பிறகுதான் நழுவுகிறது என்றால் உள்ளே எங்கோ ஒயில் குறுக்குவழியில் போகிறது. ஒயில் குளிரில் தேன், சூட்டில் தண்ணீர். நம் பக்கம் காலை ஆறு மணிக்கு எல்லா வால்வும் நல்ல வால்வுதான். ஜனவரியில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி கிடக்கிற நாளில், பிய்ந்துபோன வால்வைக்கூட புதுசு என்று விற்றுவிடலாம்.

ஆனால் குறுக்குவழி மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் இருக்கிற யூனிட்டின் ஸ்பூலும் ஸ்லீவும், அதாவது உள் உருளையும் அதைச் சுற்றிய குழலும். வால்வு என்பது இதுதான். இரண்டு, அதே யூனிட்டின் அடியில் இருக்கிற பல் ரோட்டர். மூன்று, முன் அச்சில் இருக்கிற சிலிண்டரின் பிஸ்டன் சீல். முதல் இரண்டையும் பார்க்க யூனிட்டைப் பிரிக்க வேண்டும். மூன்றாவதைப் பார்க்க ஒரு ஹோஸைக் கழற்றினால் போதும். சுலபமானதை முதலில் பார்.

மூன்று நடை ஓட்டி ஒயிலைச் சூடாக்கு. தட்டையான இடத்தில் நிறுத்தி, பின் சில்லுக்குக் கட்டை கொடு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்துவிட்டு எஞ்சினை நிறுத்து. இப்போது சிலிண்டருக்கு இரண்டு ஹோஸ். ஒன்று தள்ளுகிற பக்கம், மற்றது ஒயில் திரும்பி வருகிற பக்கம். திரும்பி வருகிற ஹோஸைக் கழற்றி அதன் வாய்க்கு இரும்பு மூடி போடு. மரக்கட்டை, துணி உருண்டை எல்லாம் வேண்டாம். சிலிண்டரில் திறந்திருக்கிற வாய்க்குக் கீழே ஒரு பால்மா டின் வை. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஏற்கெனவே ஒடித்த அதே பக்கமாக ஸ்டியரிங்கை மெல்ல அழுத்திப் பிடி. மறுபக்கம் திருப்பிவிடாதே. டின்னில் ஒயில் விடாமல் வந்தால் பிஸ்டன் சீல் போயிற்று. இரண்டு சொட்டு விழுந்து நின்றால் சிலிண்டர் நல்லது, அப்புறம் யூனிட்டைப் பார்க்கலாம்.

கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. இந்த லைனில் நூறு பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். ஊசித்துளை வழியே வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டு ஒன்றை நீட்டிப் பார்.

ஜூன் 3

"இவ்வளவு பாடு எதற்கு, புதுசு வாங்கிப் போட்டால் முடிந்தது" என்று ஒருவர். ஐயா, எந்த ஊர்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதன்பின் வருடக்கணக்கில் கதவு சரியாகத் திறக்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது சீல் ஒன்றுக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். பழைய வண்டியைத்தான் எல்லாரும் ஓட்டுகிறோம், உதிரிப்பாகமும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழையதுதான். பழைய யூனிட் ஒன்றை வாங்கினால் அதற்குள் இன்னொருத்தன் செய்த பாவமெல்லாம் சேர்ந்து வரும். அதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், இல்லையா?

ஜூன் 5, மாலை

கழற்றாதே என்றேன். "கழற்றியாச்சு அண்ணே" என்கிறாய். டின் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டால் பதில் இல்லை. சரி, கழற்றியதுதான் கழற்றினாய், ஒழுங்காகப் பார்.

முதலில் இடம். கிரைண்டர் ஓடுகிற பக்கம் வேண்டாம். மேசையில் நூல் பிரியாத பழைய பெட்ஷீட் ஒன்றை விரி. சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவு, கழுவிய மண்ணெண்ணெயைக் கொட்டிவிடாதே. அதை வெள்ளைத் துணியில் வடி. துணியில் நிற்பதுதான் உன் வால்வின் ஜாதகம். காந்தத்தில் ஒட்டுகிற சாம்பல் நிறப் பசை இருந்தால் இரும்பு இரும்போடு தேய்ந்திருக்கிறது. மஞ்சள் மினுக்கம் பம்ப் புஷ்ஷிலிருந்து வந்திருக்கும். கறுப்புத் துணுக்கு என்றால் ஹோஸின் உள்தோல், அல்லது சீல். மணல் நம் ரோட்டிலிருந்து வந்தது. மூடியைத் துடைக்காமல் ஒயில் ஊற்றியவனைக் கேள். கழுவியதை வேஸ்ட் துணியால் துடைக்காதே, பஞ்சு உள்ளே போய் இன்னொரு கதை தொடங்கும். காற்றடித்து உலர்த்து.

அடுத்து ஸ்பூலும் ஸ்லீவும். இது இரண்டும் புருசன் பெண்சாதி. ஒன்றுக்கொன்று பார்த்துத் தேய்த்துப் பொருத்தியவை. ஒரு யூனிட்டின் ஸ்பூலை இன்னொன்றின் ஸ்லீவில் போட முடியாது. போனாலும் போடக்கூடாது. நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரோன்தான். தலைமயிர் ஒன்று எழுபது மைக்ரோன் வரும், வெறும் கண்ணுக்கு நாற்பதுக்குக் கீழே எதுவும் பிடிபடாது. ஆகவே அந்த இடைவெளியில் புகுந்து தேய்க்கிற தூசியை நீ ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அது விட்டுப்போன தடத்தைத்தான் பார்க்கலாம்.

மினுமினுப்பைக் கண்டு பயப்படாதே. நன்றாக ஓடிய ஸ்பூல் கண்ணாடி மாதிரி மின்னும், அது நல்லது. மின்னுகிற இடத்துக்கு நடுவே சாம்பல் பூத்த மாதிரி மங்கலான திட்டு இருந்தால்தான் நுண்ணிய தூசி அரைத்திருக்கிறது. வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் சூடு கண்டது, ஒயில் இல்லாமல் ஓடியிருக்கும் அல்லது இறுகியிருக்கும். குழிகுழியாகத் துரு இருந்தால் தண்ணீர். இந்தத் தென்மேற்கு மழைக்காலத்தில் தாங்கியின் மூச்சுத்துளை மூடி இல்லாத ட்ரக்டரை வெட்டவெளியில் நிறுத்தினால் அதுதான் நடக்கும். பழுப்புப் படலம் மட்டும் என்றால் ஒயில் கருகிப் படிந்தது, கழுவினால் போகும்.

கீறல் இருந்தால் நகத்தைக் குறுக்கே இழு. வழுக்கிப் போனால் விடு, நகம் பிடித்தால் யோசி. நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் அந்தச் சோடி செத்தது, தூக்கிப் போடு. சுற்றுவாக்கில் என்றால் பரவாயில்லை.

பொருத்தம் பார்க்க, இரண்டையும் சுத்தமான ஒயிலில் நனைத்து, ஸ்லீவை நிமிர்த்திப் பிடித்து ஸ்பூலை மேலிருந்து விடு. தன் பாரத்தில் மெல்ல இறங்க வேண்டும். உண்டியலில் காசு விழுந்த மாதிரி விழுந்தால் தேய்ந்துவிட்டது. ஒரே இடத்தில் முட்டி நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது.

பிறகு தகட்டு ஸ்பிரிங். ஸ்பூலைத் துளைத்துக் கிடக்கிற சின்னத் தகடுகள், நடுநிலைக்குக் கொண்டுவருவது இவைதான். வளைந்தவை முதுகோடு முதுகாக இருக்கும். எத்தனை, எந்த வரிசையில் என்று எடுக்கும்முன் போனில் படம் எடு. ஒன்று உடைந்திருந்தாலும் முழுச் செட்டும் மாற்று. குறுக்கு ஊசியும், அதை அடியில் இருக்கிற ரோட்டரோடு இணைக்கிற கார்டன் தண்டின் கவையும் படி விழுந்து தேய்ந்திருந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியும். உன்னுடைய நோய் ஆட்டம் இல்லை, நழுவல். ஆனாலும் பார்.

நழுவலுக்கு அதிகமாக மாட்டிக்கொள்கிறவன் அடியில் இருக்கிறான். ஆறு பல் ரோட்டர், ஏழு குழி உள்ள வெளி வளையம். ரோட்டர் ஒரு முழுச்சுற்று சுற்றி வருவதற்குள் ஆறு முறை வளையத்துக்குள் உருண்டு வருகிறது, 42 தடவை அறை நிரம்பிக் காலியாகிறது. அந்தப் பல் நுனிகள்தான் அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர். பீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுனியில் விட்டுப் பார், ஒரே இடத்தில் பார்த்து முடிவெடுக்காமல் ரோட்டரைத் திருப்பித் திருப்பி எல்லா நிலையிலும் பார். எவ்வளவு தாங்கும் என்பதை அந்த யூனிட்டின் கையேட்டில் பார், நான் சொல்வதைக் கேட்காதே. ரோட்டரின் தடிப்பையும் வளையத்தின் தடிப்பையும் மைக்ரோமீற்றரில் அளந்து வித்தியாசத்தைப் பார். மேலும் கீழும் படுகிற தட்டுகளில் கோலம் போட்ட மாதிரி தடம் இருக்கும், நகம் பிடிக்கிறதா என்று மட்டும் பார்.

செக் போல் என்று ஒரு சின்ன உருண்டை உண்டு. யூனிட்டைத் தலைகீழாகத் திருப்பும்போது அது உருண்டு ஓடினால் தேடிப் பிடி. எஞ்சின் நின்றுபோனால் பம்ப் இல்லை, அப்போது நீ கையால் சுற்றுகிற பலத்தில் அந்த ரோட்டரே பம்ப் ஆகி ஒயிலை இழுத்துக் கொடுக்கும். அதற்கு வழி விடுவது அந்த உருண்டை. கொழுந்து ஏற்றி இறக்கத்தில் வரும்போது எஞ்சின் நின்றால் உன் உயிர் அதன்மேல்தான் இருக்கிறது. உருண்டை இருக்கிற துளையில் ஒரு போல்ட் மட்டும் வேறு மாதிரி இருக்கலாம். எது எந்தத் துளை என்று குறித்துவை.

த்ரஸ்ட் பெயரிங், தூசி சீல், ஓ ரிங். பெயரிங்கைச் சுற்றிப் பார், மற்றதெல்லாம் புதுசு போடு.

ஜூன் 6, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. பொருத்தம் பார்க்கும்போது இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு டிசம்பர் காலை, ஸ்பூலைக் கையில் வைத்துப் பத்து நிமிடம் ஊர்க்கதை பேசினேன். ஸ்லீவ் சீமெந்துத் தரையில் கிடந்தது. போட்டால் போகவில்லை. சுத்தியல் மரத்தால் தட்டினேன், போய் நட்டநடுவில் இறுகியது. பெரிய பாஸ் வந்து ஒன்றும் பேசாமல், எல்லாவற்றையும் சேர்த்துத் தேத்தண்ணி கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அரைமணியில் விரலால் தள்ளினேன், வந்துவிட்டது.

இரும்பு ஒரு மீற்றருக்கு ஒரு பாகை சூட்டில் பன்னிரண்டு மைக்ரோன் நீளும். முப்பது மில்லிமீற்றர் ஸ்பூல், இருபது பாகை வித்தியாசம், கணக்குப் போட்டால் ஏழு மைக்ரோன். இடைவெளியே அவ்வளவுதானே. அன்று தட்டியதில் விழுந்த கோட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 9

பதுளையிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். 5ஆம் தேதி நான் சொன்னதில் பாதி பிழை என்று. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு இன்று ஒரு பழைய யூனிட்டைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். அண்ணே, நீங்கள் சொன்னது சரி.

நான் சொன்ன நீளக்கோடு, சுற்றுக்கோடு சட்டம், முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்பூலுக்குப் பொருந்தும். ட்ரக்டரின் லிப்ட் வால்வில் படித்த பாடத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டேன். இது சுற்றுகிற வால்வு, இரண்டு முகத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்லீவின் வெளிமுகம் முதலில். அங்கே பள்ளங்கள் வளையம் வளையமாக, வளையல் அடுக்கிய மாதிரி. பக்கத்துப் பக்கத்து வளையலுக்கு வேறுவேறு அழுத்தம். இங்கே நீளக்கோடு விழுந்தால் வளையலுக்கு வளையல் வழி. சுற்றுக்கோடு அதே மேட்டிலேயே சுற்றி வரும், எங்கேயும் போகாது.

ஸ்பூலின் முகம் வேறு. அங்கே நீள்பள்ளங்கள், அதாவது காடிகள், சுற்றிவர இருக்கின்றன, பக்கத்துக் காடியில் வேறு அழுத்தம். இங்கே சுற்றுக்கோடுதான் திருடன். நீளக்கோடு காடிக்குப் பக்கத்திலேயே ஓடினால் சேதம் குறைவு.

இன்னொன்றும் பிடிபட்டது. இதை அவர் சொல்லவில்லை, நானே கண்டது, அதனால் கொஞ்சம் பெருமையோடு எழுதுகிறேன். ஸ்லீவ் தன் வீட்டுக்குள், அதாவது யூனிட்டின் உடலுக்குள், முழுச்சுற்றாகச் சுற்றும். ஓட்டத்தில் விழுகிற கோடு சுற்றுக்கோடாகத்தான் இருக்க முடியும். அது மேலும் கீழும் ஓடுவதே இல்லை. அப்படியானால் அதன்மேல் நேரான நீளக்கோடு எப்படி வந்தது? கழற்றும்போதோ போடும்போதோ ஒருத்தன் மண் ஒட்டிய ஸ்லீவை இழுத்திருக்கிறான். அது தேய்மானம் இல்லை, காயம். வண்டி செய்யவில்லை, நாம் செய்தது.

ஜூன் 10

எமரித் தாள் போட்டு மினுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம்.

ஏன் என்றால் நான் போட்டிருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு தோட்டத்து ட்ரக்டர். ஸ்பூலில் பிசிறு, முட்டி நின்றது. 400 தாள், தண்ணீர் தொட்டு, அழகாக மினுக்கினேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. வண்டிக்கார அண்ணன் ஒரு கிழமை கழித்து வந்து, "தம்பி, இப்ப நேர்ரோட்டில் சும்மா அலையுது, ஒருபக்கமும் பிடிக்கல" என்றார்.

நான் தேய்த்தது முகத்தை மட்டும் இல்லை, காடியின் விளிம்பையும். அந்த விளிம்பு சவர பிளேடு மாதிரி கூராக இருந்தால்தான் ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பினதும் வழி திறக்கும், விட்டதும் மூடும். விளிம்பு மழுங்கினால் எப்போதும் அரைக்கண் திறந்தபடி இருக்கும். தாளின் மணலும் காடிக்குள் தங்கி மீதியை அரைத்தது. பிசிறு மட்டும் என்றால் எண்ணெய்க்கல்லை ஒயிலில் நனைத்து அந்தப் பிசிறை மட்டும் தொடலாம், விளிம்பு பக்கம் போகாமல். கை நடுங்குகிறவர்கள் அதுவும் வேண்டாம்.

அந்த அண்ணனிடம் கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அடித்திருப்பார்.

ஜூன் 14

மறுபடி பூட்டப் போகிறாய் என்று தெரிகிறது. அதற்குமுன் என் இடது கட்டைவிரலின் கதையைக் கேள்.

கார்டன் தண்டை ரோட்டருக்குள் இறக்கும்போது ஒரு குறிப்பிட்ட நிலையில்தான் இறக்க வேண்டும். குறுக்கு ஊசி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு நேரே ரோட்டரின் எந்த இடம் வர வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் பூட்டிவிடலாம், எல்லாம் அழகாக உட்காரும், ஒயில் கசியாது. எஞ்சினை உதைத்ததும் தெரியும். ஸ்டியரிங் தானாகச் சுற்றும். மெதுவாக இல்லை, காற்றாடி மாதிரி. யூனிட் தனக்குத்தானே மோட்டார் ஆகிவிடுகிறது.

அதைக் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நினைத்தவன் நான்தான். ஸ்டியரிங் கம்பிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே விரல் போனது. மழை நாளில் இன்றும் வலிக்கிறது, நம் ஊரில் எத்தனை நாள் மழை என்று சொல்லத் தேவையில்லை.

பிரிக்கும்முன் தண்டு, ரோட்டர், வளையம், உடல் எல்லாவற்றுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிடு. முதல் ஸ்டார்ட்டின்போது முன் சில்லு இரண்டையும் ஜாக்கில் தூக்கு, கையை ஸ்டியரிங் பக்கமே கொண்டுபோகாதே, இன்னொருத்தன் நிறுத்துகிற குமிழில் கை வைத்துக்கொண்டு நிற்கட்டும். தகட்டு ஸ்பிரிங் உடைந்திருந்தாலும், ஸ்பூல் ஸ்லீவில் இறுகினாலும் இதே மாதிரி தானாக ஓடப் பார்க்கும். எதுவாக இருந்தாலும் விரல் ஒன்றுதான்.

ஜூன் 15

ஒருவர் லொறி ஸ்டியரிங் பொக்ஸ் பற்றிக் கேட்கிறார். அது வேறு சாதி. அங்கே ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு அறுவதில்லை, எஞ்சின் நின்றாலும் பாரமாகத் திரும்பும். உள்ளே முறுக்குக் கம்பி ஒன்று. நீ திருப்ப அது சில பாகை முறுகும், அந்த முறுகலில் சுற்று வால்வு திறக்கும். ஸ்லீவைச் சுற்றி டெப்லோன் வளையங்கள் இருக்கும். அவை தேயும், கூடவே வீட்டின் உள்சுவரிலும் பள்ளம் தோண்டும். வளையத்தை மட்டும் மாற்றி, சுவரில் விரல்விட்டுப் பார்க்காமல் பூட்டினால் மூன்று மாதத்தில் திரும்பி வரும். சில்லுப் பக்கமாக வெளியே வருகிற செக்டர் தண்டின் சீல் ஒழுகினால் சீலை மட்டும் மாற்றாமல் தண்டில் சீல் ஓடுகிற தடத்தையும் பார்.

லொறி என்றதும் ஞாபகம் வந்தது. ரம்பொடை வளைவில் ஒரு பஸ்காரர் ஒரு கையால் ஒடித்தபடி மறுகையில் போன் பேசிக்கொண்டு போனார். பவர் ஸ்டியரிங் வராத காலத்தில் அந்த வளைவை இரண்டு கையும் தோளும் சேர்ந்துதான் ஒடிக்க முடியும், போன் இருந்திருந்தாலும் பேசியிருக்க முடியாது.

ஜூன் 23

இதை எழுதக் கை வரவில்லை.

தலவாக்கலைத் தம்பி போன் செய்தான். ஸ்லீவின் வெளிமுகத்தில் நீளக்கோடு ஒன்று இருந்ததாம். 5ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே "சோடி செத்தது" என்று முடிவு கட்டி, கொழும்புக்கு பஸ் ஏறி, பஞ்சிகாவத்தையில் பழைய யூனிட் ஒன்று வாங்கிவந்திருக்கிறான். 9ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவே இல்லை. 14ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்து ஜாக்கில் தூக்கி, பெயின்ட் கோடு பார்த்துப் பூட்டியிருக்கிறான், அந்த மட்டில் நன்றி.

ஓட்டிப் பார்த்தால் பத்து மணிக்கு மேல் அதே நழுவல்.

அப்புறம்தான் பால்மா டின் வைத்திருக்கிறான். டின் நிறையவே ஒயில். சிலிண்டரைப் பிரித்தால் பிஸ்டன் சீல் ஒரு பக்கம் கடித்துத் துப்பிய மாதிரி. சீல் செட் மாற்றியதும் நழுவல் நின்றுவிட்டது. யூனிட்டின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த சீல் செட் பிளேன்டீயும் பணிசும்.

டின் வைக்காமல் பிரித்தது அவன் பிழை. "செத்தது, தூக்கிப் போடு" என்று அவ்வளவு உறுதியாக எழுதியது என் பிழை. 5ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். அதைப் படிக்கிறவர்கள் 9ஆம் தேதிக்கு வந்துவிட்டுப் போங்கள்.

ஜூன் 24, அதிகாலை

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன்.

மெல்லிய இடைவெளியில் ஒயில் கசிகிற அளவு, அந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்றபடி கூடும். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. ஸ்லீவைச் சுற்றி 120 மில்லிமீற்றர் என்று வை, ஒருபக்க இடைவெளி 5 மைக்ரோன். 120ஐ 5 இன் மும்மடியால், அதாவது 125ஆல் பெருக்கினால் 15,000. இது நல்ல வால்வின் கணக்கு. இப்போது நகத்தில் லேசாகத் தட்டுப்படுகிற ஒரு கோடு, அகலம் 0.1 மில்லிமீற்றர், ஆழம் 15 மைக்ரோன். இடைவெளியோடு சேர்த்து 20. அதன் மும்மடி 8,000, பத்தில் ஒன்று 800. பதினைந்தாயிரத்துக்கு முன் எண்ணூறு. நூற்றுக்கு ஐந்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அதே கோடு 50 மைக்ரோன் ஆழம் என்றால்? 55 இன் மும்மடி 1,66,375. பத்தில் ஒன்று பதினாறாயிரத்துச் சொச்சம். ஒரே ஒரு கோடு கசிவை இரட்டித்துவிடுகிறது.

கோடே இல்லாமல் சுற்றிவர 5 மைக்ரோன் தேய்ந்த ஸ்லீவ்? 1,20,000. எட்டு மடங்கு. அது கண்ணாடி மாதிரி மின்னும், நகம் எங்கேயும் பிடிக்காது, பார்க்கிறவன் "ஆகா, புதுசு மாதிரி" என்பான்.

இருபத்தேழு வருடமாக நான் கோட்டைப் பார்த்துத் திட்டி, மினுக்கத்தைப் பார்த்துப் பாராட்டி வந்திருக்கிறேன்.

ஜூன் 24, மாலை

பதுளை அண்ணன் கேட்கிறார், கோடு உண்மையில் ஆங்கில வி எழுத்து மாதிரி கூம்பித்தானே இருக்கும், பெட்டி மாதிரி இல்லையே என்று. ஆமாம் அண்ணே, அப்படியானால் கசிவு நான் சொன்னதிலும் குறைவு. நான் பயந்த அளவுக்குக்கூட இல்லை. தம்பியின் காசு இன்னும் அநியாயமாகப் போயிருக்கிறது, நினைவுபடுத்தியதற்கு நன்றி.

ஜூலை 6

தம்பி, தன் ட்ரக்டரில் முதலில் கழற்றிய யூனிட்டை ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தான். சீனிப் பையில் சுற்றி, வாய்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டு, நன்றாகத்தான் கட்டியிருந்தான்.

நேற்று பிரித்தேன். கோடு ஒன்றுதான், நேராக, மேலிருந்து முக்கால்வாசி வரை. நகம் வழுக்குகிறது, கவனமாக இழுத்தால் மட்டும் தட்டுகிறது. ஓட்டத்தில் வந்ததில்லை. யாரோ முன்னால் ஒருதடவை பிரித்திருக்கிறார்கள், ஒரு போல்ட்டின் தலையில் சாவி வழுக்கிய தடமும் இருக்கிறது. ஸ்பூலும் ஸ்லீவும் இரவு முழுக்க ஒரே ட்ரேயில் கிடந்தன, காலையில் ஒயில் நனைத்து விட்டுப் பார்த்தேன். மெல்ல, சுற்றிக்கொண்டே இறங்கியது. ரோட்டர் நுனி கையேட்டின் அளவுக்குள் வருகிறது. தட்டில் தடம், நகம் பிடிக்கவில்லை. உருண்டை இருக்கிறது.

ஆனால் தகட்டு ஸ்பிரிங்கில் ஒன்று, நடுவில் மயிர் அளவு வெடிப்பு. தம்பி அனுப்பிய போன் படத்தில் அது தெரியாது, நானும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிடித்தேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முறிந்திருக்கும். ஆக யூனிட்டைக் கழற்றியது முழுக்க வீண் என்றும் சொல்ல வரவில்லை. இதைச் சொன்னால் அவன் இனி எல்லாவற்றையும் கழற்றுவான்.

ஸ்பிரிங் செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போட்டு, சீல் மாற்றி, சூட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். பஞ்சிகாவத்தை யூனிட் எப்போதாவது மக்கர் பண்ணினால் இதைப் போட்டுக்கொள்ளட்டும். கூலி வேண்டாம், 5ஆம் தேதிக் கணக்கில் கழித்துக்கொள்.

தம்பி, கண்டக்டருக்கு முன்னூறு ரூபா நீ கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். என்னிடமும் முன்னூறு வாங்கிக்கொண்டுதான் பையைக் கையில் கொடுத்தான். திருப்பி அனுப்பும்போது நம் இரண்டு பேரில் யார் கொடுப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்வோம்.